குழந்தை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வரவில்லையா?

கேள்வி: மனைவிக்குத் தலைப்பிரசவமாகி ஆறு வாரம். தாய்வீட்டில் இருக்கிறாள். குழந்தை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை. 'நான் நல்ல அம்மா இல்லை' என்று அழுகிறாள். 'எல்லாருக்கும் இப்படித்தான், போகப் போகச் சரியாயிடும்' என்கிறார் மாமியார். மாத்திரை கொடுத்துத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

பதில்: உங்கள் மாமியார் சொல்வது முதல் இரண்டு வாரத்துக்குச் சரி. பிரசவமான மூன்றாம், நான்காம் நாள் வாக்கில் பல தாய்மார்களுக்கும் தொட்டதற்கெல்லாம் கண்ணீர் வரும்; ஓய்வும் ஆறுதலும் கிடைத்தால் தானாக அடங்கிவிடும். ஆறாவது வாரத்திலும் அழுகை நீடித்தால் மனச்சோர்வா என்று பார்த்தே ஆகவேண்டும். முக்கியமாகத் தூக்கம். இரவெல்லாம் எழுந்து பால் கொடுப்பவர், குழந்தையை யாராவது வாங்கிக்கொண்டால் உடனே அசந்துவிடுவார். அப்போதும் கண் மூட முடியவில்லை என்றால் அது வெறும் அசதி இல்லை.

மனநல மருத்துவரிடம் போகத் தயக்கமாக இருந்தால் பிரசவம் பார்த்த டாக்டரிடமே தொடங்குங்கள். எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு. கடந்த ஏழு நாள் மனநிலை பற்றி 10 கேள்விகள், தமிழிலும் இருக்கிறது. நிரப்பும்போது நீங்களும் மாமியாரும் தயவுசெய்து வெளியே இருங்கள். கடைசிக் கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. பக்கத்தில் வீட்டார் இருந்தால் அதற்கு உண்மையைச் சொல்வது கடினம். அப்படியே தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

மனச்சோர்வு லேசாக இருந்தால் பேச்சு வழி சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். மாத்திரை தேவைப்பட்டாலும் செர்ட்ராலின் போன்றவை தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. பெரும்பாலும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

நீங்கள் போனில் விசாரிப்பது போதாது, போய்க் கூட இருங்கள். இரவில் நாலைந்து மணி நேரம் அவர் தொடர்ந்து தூங்கட்டும்; பீய்ச்சி வைத்த பாலை நீங்கள் புகட்டலாம். 'தைரியமா இரு' என்று மட்டும் சொல்லாதீர்கள். தன்னிடம்தான் குறை என்று ஏற்கெனவே நினைக்கிறவரை அது இன்னும் குத்தும்.

சாக வேண்டும் என்ற பேச்சு, காதில் குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான சந்தேகம், சம்பந்தமில்லாத பேச்சு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதுவரை தாயையும் குழந்தையையும் தனியே விடக் கூடாது. மற்ற நேரத்தில் யாரிடம் கேட்பது என்று குழப்பமாக இருந்தால் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உங்கள் மனம் கனத்தாலும் கூப்பிடுங்கள். புதிதாக அப்பா ஆனவர்களுக்கும் மனச்சோர்வு வருவதுண்டு.