உங்களுக்கு மேயர் இல்லை

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் இருந்த நாளிலிருந்து உங்களைப் படித்து வருகிறேன். மூன்று வருடம் முன்பு டெக்சாஸுக்கு வந்தோம். கேட்டியில், ஹாரிஸ் கவுன்டி பக்கம் வீடு வாங்கியிருக்கிறோம். போன மாதம் பெய்த மழையில் தெருமுனையில் நான்கு நாள் தண்ணீர் வடியவே இல்லை. ஹூஸ்டன் நகராட்சியின் புகார் எண்ணான 311-க்கு போன் செய்தேன். விலாசத்தைக் கேட்டுவிட்டு, ‘உங்கள் வீடு ஹூஸ்டன் எல்லைக்குள் இல்லை’ என்றார்கள். கேட்டி நகராட்சிக்குப் போன் செய்தேன். அங்கேயும் அதே பதில், மரியாதையாகத்தான் சொன்னார்கள். அப்படியென்றால் நான் இருப்பது எந்த ஊர்?

எங்கள் ஊரில் வார்டு கவுன்சிலரை டீக்கடையில் பிடித்துவிடலாம். இங்கே யாரைப் பிடிப்பது? ஆஸ்டினில் சட்டசபை நடந்தால் நகரங்களோடு ஏதோ சண்டை என்று செய்தி வருகிறது. அதுவும் புரியவில்லை. கிரீன் கார்டு வரிசையில் நிற்பவன், எனக்கு ஓட்டும் கிடையாது. இந்த அரசியலைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

ஆர்., கேட்டி

*

அன்புள்ள ஆர்.,

நீங்கள் எந்த ஊரிலும் இல்லை. விளையாட்டாகச் சொல்லவில்லை. கேட்டி என்பது தபால் இலாகா உங்களுக்குக் கொடுத்திருக்கும் பெயர். கேட்டி நகரம் என்று ஒன்று உண்டு. 2020 கணக்கெடுப்பில் அதில் சுமார் 22,000 பேர்தான். ஆனால் விலாசத்தில் கேட்டி என்று எழுதுகிறவர்கள் சில லட்சம். மீதிப் பேர் எந்த நகராட்சிக்கும் சேராத கவுன்டி நிலத்தில் குடியிருக்கிறார்கள். ஹாரிஸ் கவுன்டியில் மட்டும் இப்படி ஊரில்லாதவர்கள் ஏறத்தாழ இருபது லட்சம். ஒன்றாகச் சேர்த்தால் டெக்சாஸின் பெரிய நகரங்களில் ஒன்றாக இருக்கும். அதற்கு மேயர் கிடையாது, கவுன்சிலும் கிடையாது.

உங்களை யார் ஆள்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் ப்ராபர்ட்டி டாக்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வீட்டுக் கடன் கொடுத்தவர்கள் மாதத் தவணையோடு எஸ்க்ரோ என்ற ஒதுக்கீட்டுக் கணக்கில் பிடித்துக்கொண்டு அவர்களே கட்டிவிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை தவணை ஏறியதாகக் கடிதம் வரும்போது திட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். நானும் பத்து வருஷம் அப்படித்தான் இருந்தேன். பில்லும் ஒரே தாளில் வராது, சிலருடையது சேர்ந்து வரும், மற்றவர்கள் தனித்தனியாக அனுப்புவார்கள். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்: கவுன்டி, வெள்ளத் தடுப்பு மாவட்டம், துறைமுக ஆணையம், ஆஸ்பத்திரி மாவட்டம், கவுன்டி கல்வித் துறை, பள்ளிகளை நடத்துகிற ஐஎஸ்டி என்ற பள்ளி மாவட்டம், தீயணைப்பும் ஆம்புலன்ஸும் பார்க்கிற அவசரசேவை மாவட்டம், கடைசியாக, தண்ணீரும் சாக்கடையும் பார்க்கிற மட். உங்களுக்கு இத்தனை அரசாங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை, தனி வரி விகிதம். இந்த மாநிலத்தில் வருமான வரி இல்லை என்று கேட்டுத்தானே வந்தீர்கள்? 2019-ல் அரசியல் சாசனத் திருத்தமே போட்டு அந்தக் கதவை அடைத்தார்கள். விட்ட காசை வசூலிக்கத்தான் இத்தனை பேர்.

மட் என்பதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். உங்கள் தெருத் தண்ணீருக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு பில்டர் நெல்வயலையோ மேய்ச்சல் நிலத்தையோ வாங்குகிறார். கேட்டி பக்கம் ஒரு காலத்தில் நெல்தான் விளைந்தது. குழாயும் சாக்கடையும் இல்லாமல் வீடு விற்க முடியாது, போட்டுத்தர நகராட்சியும் அங்கே இல்லை. அதனால் மாநிலச் சட்டப்படி ஒரு முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட், சுருக்கமாக மட், உருவாக்கப்படும். கடன்பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டவும், அந்தக் கடனை அடைக்க வரி போடவும் அதற்கு அதிகாரம் உண்டு. கடன்பத்திரத்துக்கு வாக்காளர் ஒப்புதல் வேண்டும். வீடே கட்டாத பொட்டலில் வாக்காளருக்கு எங்கே போவது? இரண்டு மூன்று பேரை ஒரு டிரெய்லரில் குடிவைத்து ஓட்டுப்போட வைப்பார்கள். கோடிக்கணக்கான டாலர் கடனுக்கு அந்த இரண்டு மூன்று கை போதும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை, பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன, சட்டத்துக்கு உட்பட்டே நடக்கிறது. அந்தக் கடனைத்தான் நீங்களும் நானும் அடைத்துக்கொண்டிருக்கிறோம். புதிதாக எழும்பிய இடங்களில் வீட்டு மதிப்பில் 100 டாலருக்கு ஒரு டாலருக்கும் மேல் மட் வரி இருப்பது உண்டு. வீடுகள் பெருகப் பெருக, கடன் அடைய அடைய அது இறங்கும். பள்ளி வரியில், குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் கழிவு 2023-ல் 1,00,000 டாலர் ஆனது, 2025 நவம்பரில் வாக்காளர்கள் அதை 1,40,000 ஆக்கினார்கள். கொண்டாடுங்கள், ஆனால் அந்தக் கழிவு மட் வரியைத் தொடாது.

எனக்கு யாரும் சொல்லவில்லையே என்பீர்கள். சொன்னார்கள். இன்ன மட்டில் இந்த வீடு இருக்கிறது, வரி இவ்வளவு என்று வாங்குகிறவருக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். வீடு வாங்கும்போது நீங்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டில் அது இருந்திருக்கும்.

அந்தக் கட்டைப் பற்றிப் பேசும்போது என் நண்பர் ஒருவரின் நினைவு வருகிறது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் மழை. அவர் வீடு ஃபோர்ட் பெண்ட் கவுன்டியில், பார்க்கர் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில். நீர்த்தேக்கம் என்றதும் ஏரியைக் கற்பனை செய்யாதீர்கள். பார்க்கரும் ஆடிக்ஸும் 1940களில் ராணுவப் பொறியியல் படை ஹூஸ்டன் நகரத்தைக் காப்பாற்றக் கட்டியவை. வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கும். உள்ளே பார்க், கால்பந்து மைதானம், சைக்கிள் பாதை எல்லாம் உண்டு. பெருமழை வந்தால் மட்டும் கரைக்குப் பின்னால் தண்ணீர் ஏறும். எவ்வளவு தூரம் ஏறலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்களோ அவ்வளவு தூரத்துக்கு அரசாங்கம் நிலம் வாங்கவில்லை. வாங்காமல் விட்ட இடத்தில் காலனிகள் எழும்பின. நண்பரின் தெருவில் மழை பெய்தபோது ஒன்றும் ஆகவில்லை. மழை குறைந்து, எல்லாரும் போனில் ‘தப்பித்தோம்’ என்று சொல்லிக்கொண்ட பிறகு, தேங்கிய நீர் பின்பக்கத் தோட்டம் வழியாக மெதுவாக உள்ளே வந்தது. வந்தது பல நாள் போகவில்லை. கவுன்டியில் பதிவான மனை வரைபடங்களில், இந்தப் பகுதி கட்டுப்படுத்தப்பட்ட வெள்ளத்துக்கு உட்படலாம் என்று பொடி எழுத்தில் குறிப்பு இருந்தது பிறகு தெரிந்தது. வேளச்சேரியில் வளர்ந்தவர் அவர். ‘அங்கேயாவது பெயரிலேயே ஏரி இருக்கும்யா’ என்றார். கரைக்கு மேல்புறம் மூழ்கிய வீடுகளுக்கு மத்திய அரசே பொறுப்பு என்று 2019-ல் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார்.

ஹார்விக்கு அடுத்த வருஷம், அதே ஆகஸ்ட் 25-ம் தேதி, ஹாரிஸ் கவுன்டியில் 250 கோடி டாலர் வெள்ளத் தடுப்புக் கடன்பத்திரத்துக்கு வாக்கெடுப்பு வைத்தார்கள். பெரும்பான்மையில் ஜெயித்தது. ஊரில்லாத உங்கள் அண்டை வீட்டுக்காரர்களும் அதில் ஓட்டுப்போட்டார்கள். கவுன்டி என்பது அவர்களுக்கும் உரியதுதானே.

சரி, உங்கள் தெருமுனைக்கு வருகிறேன். தெருவும் அதற்குக் கீழே போகிற மழைநீர்க் குழாயும் பெரும்பாலும் கவுன்டியுடையவை. அதாவது உங்கள் ப்ரீசிங்க்ட்டின், கவுன்டியில் உங்கள் பகுதியின், கமிஷனருடைய ஆட்கள் பொறுப்பு. குழாய் போய்ச் சேர்கிற குளம், நாம் வாத்துக்கு ரொட்டி போடுகிற அதே குளம், மட்டுடையது. குளம் வடிகிற கால்வாய் வெள்ளத் தடுப்பு மாவட்டத்துடையது. முன்புறப் புல் நீளமாக வளர்ந்தால் கடிதம் போடுவது எச்ஓஏ என்ற வீட்டு உரிமையாளர் சங்கம். அவர்கள் அரசாங்கமே இல்லை, ஆனால் மற்ற எல்லாரையும்விட வேகமாக வேலை செய்வார்கள். போலீஸ் வண்டி என்று நினைத்துக் கை காட்டுகிறோமே, அதில் வருபவர் பெரும்பாலும் கான்ஸ்டபிள் என்ற கவுன்டி அதிகாரியின் டெபுடி. காலனிக்காரர்கள் காசு கட்டி ஒப்பந்தத்தில் வைத்திருப்பது. எங்கே அடைப்பு என்று தெரியாதவரை யாரிடம் கேட்டாலும் அடுத்தவரைத்தான் காட்டுவார்கள்.

ஹாரிஸ் கவுன்டியில் கமிஷனர்கள் மொத்தம் நான்கு பேர். மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 47 லட்சம். ஒருவருக்குப் பத்து லட்சத்துக்கு மேல். டீக்கடையில் பிடிக்க முடியாது. அவர்களுக்குத் தலைவர் பெயர் கவுன்டி ஜட்ஜ், கூட்டத்தின் பெயர் கமிஷனர்ஸ் கோர்ட். இந்த ஜட்ஜ் இவ்வளவு பெரிய கவுன்டியில் வழக்கு விசாரிப்பதில்லை, நிர்வாகம் பார்ப்பவர். இதெல்லாம் பழைய குதிரைவண்டிக் காலத்துப் பெயர்கள், மாற்ற யாருக்கும் மனசில்லை. டெக்சாஸில் 254 கவுன்டிகள். நகரத்துக்கு இருப்பதுபோல் பொதுவாகச் சட்டம் போடும் அதிகாரம் ஒரு கவுன்டிக்கும் கிடையாது, மாநிலம் எழுதிக்கொடுத்ததை மட்டும்தான் செய்யலாம். இங்கே வீடு, அங்கே ஆலை என்று நிலத்தைப் பிரிக்கும் அதிகாரமும் பொதுவாக இல்லை. ஹூஸ்டன் நகரத்திலேயே அப்படிப்பட்ட சட்டம் இல்லை என்பது வேறு கதை. 1948, 1962, 1993 என்று மூன்று முறை வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள்.

ஹூஸ்டன் உங்களைச் சேர்த்துக்கொள்ளக்கூடாதா என்று கேட்கலாம். முன்பு கேட்காமலே சேர்த்துக்கொண்டது. 1996-ல் கிங்வுட் பகுதியை மக்கள் எதிர்ப்பை மீறி இழுத்துக்கொண்டார்கள், அந்தக் கோபம் அங்கே இன்னும் தீரவில்லை. 2017-லும் 2019-லும் மாநிலச் சட்டசபை அந்த அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டது. இனி குடியிருப்பவர்கள் சம்மதிக்கவேண்டும். ஆனால் நகரத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. சாலையோரக் கடைகள் இருக்கிற கீற்றை மட்டும் மட்டோடு ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொள்ளும். நீங்கள் தோசைக்கல் வாங்கும்போது கட்டுகிற 8.25 சதவீத விற்பனை வரியில் நகரத்தின் ஒரு சதவீதத்தை இருவரும் பாதிப் பாதி பிரித்துக்கொள்வது வழக்கம். கடை ஹூஸ்டனில் இருக்கும், கடைக்குப் பின்னால் சுவரை ஒட்டிய உங்கள் வீடு ஹூஸ்டனில் இருக்காது.

நீங்கள் கேட்ட சண்டை இங்கேதான் வருகிறது. டெக்சாஸ் சட்டசபை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 140 நாள் கூடும். உறுப்பினருக்குச் சம்பளம் மாதம் 600 டாலர், கூட்டம் நடக்கும்போது தினப்படி தனி. இரண்டு வருஷத்துக்கு 140 நாளுக்குப் பதில் 140 வருஷத்துக்கு இரண்டு நாள் கூடினால் தேவலை என்று இங்கே ஒரு பழைய கிண்டல் உண்டு. வாஷிங்டன் எங்களைத் தொடக்கூடாது என்பது அவர்கள் தினமும் ஓதுவது. மின்சார வலைப்பின்னலைக்கூட மத்திய விதிகளுக்குள் வராதபடி மாநிலத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். 2021 பிப்ரவரிக் குளிர்ப்புயலில் அதில் பெரிய மின்வெட்டு வந்தது, அந்தப் புயலில் மாநிலத்தின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். அதே ஆட்கள் நகரங்களைத் தொடுவதற்கு மட்டும் கூச்சப்படுவதில்லை.

டென்டன் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள்ளேயே வீடுகளுக்குப் பக்கத்தில் எரிவாயுக்குத் துளை போடுவதைப் பார்த்துச் சலித்த மக்கள் 2014 நவம்பரில் 59 சதவீத ஓட்டில் ஃப்ராக்கிங் என்ற பாறை உடைப்பு முறையைத் தடை செய்தார்கள். ஏழு மாதம் ஆகவில்லை, எந்த ஊரும் அப்படித் தடை செய்யக்கூடாது என்று மாநிலச் சட்டம் வந்தது. ஜூனில் நகராட்சியே தன் தடையை ரத்து செய்தது. 2023-ல் வந்த எச்.பி. 2127 என்ற மாநிலச் சட்டம் இன்னும் பெரிய கை. தொழிலாளர், வணிகம், சொத்து என்று பல துறைகளில் மாநிலச் சட்டத்துக்கு மேலே நகரமும் கவுன்டியும் எதுவும் எழுதக்கூடாது. எதிர்த்தவர்கள் அதற்கு, ஸ்டார் வார்ஸ் படத்தில் கிரகங்களை அழிக்கும் ஆயுதமான ‘டெத் ஸ்டார்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கட்டட வேலைக்காரர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருதரம் பத்து நிமிஷம் இளைப்பாறவும் தண்ணீர் குடிக்கவும் ஆஸ்டின் 2010-லும் டல்லாஸ் 2015-லும் விதி வைத்திருந்தன. அவற்றின் தலைக்குமேல்தான் இந்தக் கத்தி தொங்கியது. ஹூஸ்டன் வழக்குப் போட்டது. கீழ்க்கோர்ட் 2023-ல் சட்டம் செல்லாது என்றது, 2025-ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. இந்த ஊர் ஆகஸ்ட் வெயிலில் கூரை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு ஊர் வேறு விதி இருந்தால் தொழில் நடத்த முடியாது என்ற வாதம் எனக்குப் புரியாமல் இல்லை. பத்து நிமிஷத் தண்ணீருக்கு அதை இழுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஓட்டில்லை என்கிறீர்கள். சரிதான், மறந்தும் பதிவு செய்துவிடாதீர்கள், குடியுரிமை இல்லாமல் அது குற்றம். ஆனால் பேச ஓட்டுத் தேவையில்லை. 2019-லிருந்து எந்த உள்ளாட்சி அமைப்பும் அஜெண்டாவில் உள்ள விஷயத்தில் பேச வருகிற பொதுமக்களைப் பேசவிடவேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் பாஸ்போர்ட்டைக் கேட்பதில்லை. நம்மவர்களுக்கு அமெரிக்க ஜனாதிபதியின் நேற்றைய பேச்சு தெரியும், சென்னையில் யார் யாரோடு கூட்டணி என்பதும் தெரியும். நடுவில் தங்கள் மட்டின் எண் கேட்டால் முழிப்பார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிற இடம் இது.

ஒருமுறை என் மட் கூட்டத்துக்குப் போனேன். ஐந்து இயக்குநர்கள், ஒரு வக்கீல், ஒரு இன்ஜினீயர், கணக்கெழுதுபவர், வரி வசூலிப்பவர், பம்பு ஓட்டும் கம்பெனி ஆள். பார்வையாளர் நான் ஒருவன்தான். ஏதோ டெண்டருக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக் காபி கொடுத்தார்கள். குடியிருப்பவன் என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குளத்துக் கதவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். இன்ஜினீயர் வரைபடத்தை விரித்துக் கால் மணி நேரம் ஆசையாக விளக்கினார். பாவம், அவரை யாரும் அதுவரை கேட்டதே இல்லை போலிருக்கிறது. இயக்குநர் தேர்தல் பெரும்பாலும் இரட்டைப்படை வருஷ மே மாதத்தில் வரும், போட்டியே இல்லாவிட்டால் தேர்தலையும் ரத்து செய்துவிடலாம். குடியுரிமை உள்ள ஒரு பக்கத்து வீட்டுக்காரரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

பில்லில் உங்கள் மட்டின் எண் இருக்கும். அதை வைத்துத் தேடினால் கூட்டத் தேதி கிடைக்கும். இடம் உங்கள் காலனியில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல மட்டுகள் வேலைநாள் மதியத்தில், ஊருக்கு நடுவே வக்கீல் அலுவலகத்தில் கூடும். பன்னிரண்டு மணிக் கூட்டம் என்றால் பதினொன்றுக்கே கிளம்பிவிடுங்கள். கேட்டி ஃப்ரீவேயை ஓரச் சாலைகளோடு சேர்த்து 26 லேன் வரை அகலமாக்கினார்கள், இருந்தும் அதை நம்ப முடியாது.