டிம் நூலகத்தை இணைப்பது எளிது, கட்டுப்பாட்டு வரிசையில்தான் சிக்கல்

கேள்வி: எங்கள் மெய்நிகர் இயந்திரங்கள் லினக்ஸ் 6.1 கெர்னலில் ஓடுகின்றன. அதிலுள்ள விர்ட்டியோ-நெட் (மெய்நிகர் நெட்வொர்க் கார்டு) டிரைவரில், இன்டரப்ட்டுகளைத் தானாக மட்டுப்படுத்தும் டிம் நூலகத்தை நாங்களே இணைத்துக்கொள்ள விரும்புகிறோம். நூலகம் ஏற்கெனவே கெர்னலில் இருக்கிறது, நான்கைந்து இடங்களில் அழைத்தால் போதும் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: அழைக்க வேண்டிய இடங்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் உங்கள் நேரம் அங்கே செலவாகப்போவதில்லை. நூலகம் ஒரு முடிவை எடுத்த பிறகு, அதைச் சாதனத்திடம் கொண்டுசேர்க்கும் வழியில்தான் செலவாகும்.

டிம் என்ன செய்கிறது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். வந்துசேரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓர் இன்டரப்ட் (சிபியுவின் வேலையை இடைமறிக்கும் அறிவிப்பு) என்றால் சிபியு திணறும். சற்றுக் காத்திருந்து பல பாக்கெட்டுகளுக்குச் சேர்த்து ஒன்று அனுப்பினால் சுமை குறையும், ஆனால் தாமதம் கூடும். அந்தக் காத்திருப்பு நேரத்தை டிராஃபிக்குக்கு ஏற்பத் தானாக மாற்றுவதே டிம்மின் வேலை. மெல்லனாக்ஸின் எம்எல்எக்ஸ்5 டிரைவருக்குள் பிறந்த இந்த உத்தி, 2018-ல் மற்ற டிரைவர்களும் பயன்படுத்தும்படி பொதுவாக்கப்பட்டது. 2019-ல் தனி நூலகமானது. பெறும் பக்கத்துக்கு அதில் ஐந்து படிகள் உண்டு. வழக்கமான முறையில் அவை 1, 8, 64, 128, 256 மைக்ரோவிநாடிகள். 64 நிகழ்வுகளுக்கு ஒருமுறை அளவெடுத்து, முந்தைய அளவோடு ஒப்பிடுகிறது. முதலில் பைட்டுகள், பிறகு பாக்கெட்டுகள், கடைசியாக இன்டரப்ட்டுகள். பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு தெரிந்தால்தான் அதைப் பொருட்படுத்தும். நிலைமை மேம்பட்டால் அதே திசையில் இன்னொரு படி வைக்கும், மோசமானால் திரும்பும். எளிய வழிமுறை இது. வன்பொருளைப் பற்றி எதுவும் அறியாமலே இயங்குவதால்தான் இத்தனை டிரைவர்களுக்குள் பொருந்துகிறது என்பது என் கருத்து.

படியை மாற்ற முடிவெடுத்ததும் நூலகம் ஒரு பின்னணி வேலையைத் தொடங்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மாற்றத்தைச் செயல்படுத்துவது டிரைவரின் பொறுப்பு. பிராட்காமின் ஜெனட் போன்ற கார்டுகளில் ஓரிரு ரெஜிஸ்டர்களில் (கார்டிலுள்ள சிறு நினைவிடங்களில்) எழுதினால் அது முடிந்துவிடும். விர்ட்டியோவில் அதற்கென்று ரெஜிஸ்டர் கிடையாது. விர்ட்டியோவை வரையறுக்கும் ஓயாசிஸ் அமைப்பின் தரநிலைப்படி, கட்டுப்பாட்டு வரிசையில் ஒரு கட்டளையை வைத்து, மறுமுனையில் இருக்கும் சாதனம் பதில் தரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சாதனம் யார் செய்தது, எவ்வளவு வேகமானது என்பது டிரைவருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எந்தெந்த அம்ச பிட்டுகள் (சாதனமும் டிரைவரும் ஒத்துக்கொண்ட வசதிகளின் குறிகள்) இயங்குகின்றன என்பது மட்டுமே.

ஆகவே, நிரலைத் தொடுவதற்கு முன் அந்தப் பிட்டுகளைப் பாருங்கள். 53-ஆம் பிட் சாதனம் முழுமைக்குமான காத்திருப்பு அமைப்பைத் தருகிறது, 52-ஆம் பிட் வரிசைவாரியான (பாக்கெட்டுகள் வந்துபோகும் ஒவ்வொரு வரிசைக்கும் தனியான) அமைப்பைத் தருகிறது. டிம் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாக முடிவெடுப்பதால் உங்களுக்கு வேண்டியது 52. சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் சாதன விவரங்களைக் காட்டும் கோப்பு முறைமையில்) அந்தச் சாதனத்தின் அம்சக் கோப்பு பூஜ்யமும் ஒன்றுமான நீண்ட சரமாக இருக்கும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் 53-ஆவது எழுத்தே 52-ஆம் பிட். உங்கள் டிரைவருக்கு இந்த அம்சம் இன்னும் தெரியாது என்பதால், சாதனம் வழங்கினாலும் அங்கே பூஜ்யமே தெரியும். புதிய கெர்னல் கொண்ட ஓர் இயந்திரத்தை அதே சாதனத்தின் மேல் ஓடவிட்டுச் சரிபாருங்கள். அங்கும் பூஜ்யம் என்றால் இந்தத் திட்டத்தையே கைவிடுங்கள். டிரைவரில் எதைச் சேர்த்தாலும் பயனில்லை.

பிட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சாதனம் முழுமைக்குமான அமைப்பு கெர்னல் 6.0-வில் வந்துவிட்டது, அது உங்களிடம் இருக்கிறது. வரிசைவாரி அமைப்பு 6.6-இலும் டிம் இணைப்பு 6.8-இலும் வந்தன. எனவே டிம்மை மட்டும் பிரித்தெடுத்துக் கொண்டுவர முடியாது, இடையில் வந்த வேலையும் சேர்ந்தே வரும். ஆனால் 6.8-ல் உள்ளதை அப்படியே நகலெடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதில் கட்டுப்பாட்டு வரிசையைக் காப்பது, நெட்வொர்க் அடுக்கு முழுமைக்கும் பொதுவான ஆர்டிஎன்எல் பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் அனுமதிப்பது). ஒரு வரிசையின் காத்திருப்பு நேரத்தை மாற்ற அத்தனை பெரிய பூட்டைப் பிடிப்பது எவ்வளவு பாரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்குப் பத்தாயிரம் இன்டரப்ட் வரும் வரிசையில் 64 நிகழ்வுகள் 6.4 மில்லிவிநாடியில் முடிந்துவிடும். அதாவது விநாடிக்குச் சுமார் 150 அளவீடுகள். எல்லா அளவீடும் மாற்றத்தில் முடியாது என்றாலும், 32 வரிசைகள் இருந்தால் அந்தப் பூட்டின் வாசலில் எப்போதும் நெரிசல்தான். கட்டுப்பாட்டு வரிசைக்கென்று தனிப் பூட்டு 6.10-ல் வந்தது. அந்த வடிவத்தை அடித்தளமாகக் கொள்ளுங்கள்.

அடுத்தது, இணைப்பவர்கள் எளிதில் தவறவிடும் இடம். நூலகத்துக்கு மூன்று நிலைகள் உண்டு: அளவெடுக்கத் தொடங்குதல், அளவெடுத்தல், புதிய படியைச் செயல்படுத்துதல். மூன்றாவதிலிருந்து முதலாவதற்குத் திருப்புவது டிரைவரின் கடமை, நூலகம் அதைச் செய்யாது. பின்னணி வேலை ஓடும்போது டிம் அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது அளவுரு ஏற்கெனவே அதே மதிப்பில் இருக்கலாம். கட்டளை அனுப்பத் தேவையில்லை என்று அங்கேயே வெளியேறிவிட்டால் நிலை மூன்றிலேயே நின்றுவிடும். அதன்பின் அந்த வரிசையில் டிம் இறந்ததுபோல்தான். பிழைச் செய்திகூட வராது. முதன்மைக் கெர்னலிலேயே இந்தக் குறை இருந்து பிறகு திருத்தப்பட்டது. கட்டளை தோற்றாலும் சரி, தேவைப்படாவிட்டாலும் சரி, வெளியேறும் எல்லா வழியிலும் நிலையைத் திருப்பி வையுங்கள்.

வரிசையின் அளவை மாற்றும்போதும் கவனம் தேவை. வரிசையை நிறுத்தி மறுபடி இயக்கினால், முன்பு தனியாகக் கொடுத்த மதிப்பைச் சாதனம் கைவிட்டு, பொது மதிப்புக்கோ பூஜ்யத்துக்கோ போய்விட வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. டிரைவர் அதை மறுபடி அனுப்பாவிட்டால், டிம் நினைக்கும் படி ஒன்றாகவும் சாதனத்தில் இருப்பது வேறாகவும் ஆகிவிடும்.

அனுப்பும் பக்கத்தைப் பற்றி இப்போது கவலைப்படத் தேவையில்லை, விர்ட்டியோ-நெட்டில் டிம் பெறும் பக்கத்துக்கு மட்டும்தான்.

சோதனையை நெட்பெர்ஃப் என்ற அளவீட்டுக் கருவியில் இரண்டு விதமாகச் செய்யுங்கள்: சிறு பாக்கெட் கேள்வி-பதில் ஓட்டம், பெரிய தரவு ஓட்டம். இரண்டையும் மாற்றி மாற்றி, ஈதூல் கருவியால் அடாப்டிவ்-ஆர்எக்ஸை (டிம்மை இயக்கும் அமைப்பை) இயக்கியும் அணைத்தும் ஓட்டி, இன்டரப்ட் எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள். ஒரே ஒரு சிபியு கொண்ட இயந்திரத்தையும் விட்டுவிடாதீர்கள். சாதனத்தின் பதிலுக்காகச் சுழன்று காத்திருக்கும் செலவு அங்கேதான் மறைக்க இடமின்றித் தெரியும். உங்கள் டிராஃபிக் நாள் முழுவதும் ஒரே மாதிரியானது என்று இந்த அளவீடுகள் காட்டினால், 53-ஆம் பிட்டின் வழியே நிலையான ஒரு மதிப்பை வைத்துவிடுங்கள். 6.1-ல் அதற்கு ஒரு வரி நிரல்கூட மாற வேண்டியதில்லை.