இதயம் – கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 34. வேலைக்கான உடல் பரிசோதனையில் எடுத்த இ.சி.ஜி. தாளின் மேல் 'எர்லி ரீபோலரைசேஷன்' என்று அச்சாகியிருக்கிறது. நெஞ்சுவலியோ படபடப்போ இல்லை. இது எத்தனை பேருக்கு இருக்கும்? ஆபத்தா?

பதில்: இது நோயின் பெயரல்ல, இ.சி.ஜி.யில் தெரியும் ஓர் அலை அமைப்பு. நிறையப் பேருக்கு இருக்கும். பின்லாந்தில் நடுத்தர வயதினர் 10,864 பேரின் இ.சி.ஜி.க்களைப் பார்த்து 2009-ல் வெளியான ஆய்வில் 5.8 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 17 பேரில் ஒருவருக்கு, இது தென்பட்டது. இளைஞர்களிடம், குறிப்பாக ஆண்களிடமும் தினமும் கடும் பயிற்சி செய்பவர்களிடமும் இதைவிட அதிகம். நாடித்துடிப்பு மெதுவாக இருக்கும்போது இது எடுப்பாகத் தெரியும். வேகமாக நடந்தால் மங்கிவிடுவது வழக்கம்.

தாளில் எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறார்கள்? இதயத்தின் கீழறைகள் சுருங்கத் தூண்டப்படும்போது வரும் கூரிய கியூ.ஆர்.எஸ். அலை முடியும் இடம் ஜே புள்ளி. அலை இறங்கி முடியும் இடத்தில் சிறு பள்ளமோ மெல்லச் சரியும் வளைவோ தெரிய வேண்டும். அது அடிக்கோட்டிலிருந்து ஒரு சிறு கட்டம், அதாவது 1 மி.மீ. (0.1 மில்லிவோல்ட்), அல்லது அதற்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும். அதுவும் இதயத்தின் கீழ்ப்புறத்தையோ பக்கவாட்டையோ காட்டும், அடுத்தடுத்த இரண்டு லீடுகளிலாவது (லீடு என்பது இதயத்தை ஒரு கோணத்திலிருந்து காட்டும் பதிவு). பழைய வரையறையில், ஜே புள்ளிக்குப் பின் அடுத்த அலை வரை வரும் எஸ்.டி. பகுதி உயர்ந்திருந்தாலே போதும். ஆய்வுக்கு ஆய்வு சதவீதம் மாறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். தாளில் அச்சானது கருவியின் கணிப்பு மட்டுமே. இதய மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொல்வதே முடிவு. கருவியில் நுண்ணிய அதிர்வுகளை வடிகட்டும் 40 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டிருந்தால் அந்தச் சிறு பள்ளம் மழுங்கி, இருப்பதே தெரியாமலும் போகலாம்.

பயம் கிளம்பியது 2008-ல் வெளியான ஓர் ஆய்வால். காரணம் தெரியாத வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனிலிருந்து (கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்கி உயிரைப் பறிக்கக்கூடிய துடிப்புக் கோளாறு) பிழைத்த 206 பேரில் 31 சதவீதத்தினரிடம் இந்த அமைப்பு இருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 5 சதவீதம். இதைத் தலைகீழாகப் படித்து, 'இது இருந்தால் மூன்றில் ஒருவருக்கு ஆபத்து' என்று நினைப்பது பெரிய தவறு. அத்தகைய துடிப்புக் கோளாறு மிக மிக அரிது. இளம் வயதினரிடம் லட்சத்தில் 3.4 ஆக இருக்கும் வாய்ப்பு, இந்த அமைப்பு இருந்தால் சுமார் 11 ஆகலாம் என்பது ஒரு கணக்கு. கீழ்ப்புற லீடுகளில் ஜே புள்ளி 2 மி.மீ.க்கு மேல் உயர்ந்து, அதன்பின் எஸ்.டி. பகுதி மேலேறாமல் கிடைமட்டமாகவோ இறங்கியோ போனால் மருத்துவர் கூடுதல் கவனம் செலுத்துவார். பின்லாந்து ஆய்வில் அந்த 2 மி.மீ. உயர்வே 0.3 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது.

அறிகுறி இல்லாத உங்களுக்கு மாத்திரை தேவையில்லை. உடற்பயிற்சியை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் உழைக்கும்போதோ படபடப்புடனோ திடீரென மயங்கி விழுந்திருந்தால், அல்லது குடும்பத்தில் யாராவது 45 வயதுக்குள் காரணமின்றித் திடீரென இறந்திருந்தால், தள்ளிப்போடாமல் இதய மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நாளை நெஞ்சு வலித்தால், 'எனக்கு எப்போதும் இப்படித்தான்' என்று விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. மாரடைப்பிலும் எஸ்.டி. உயரும். 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மீண்டும் எடுக்கும் இ.சி.ஜி.யில் மாரடைப்பு பெரும்பாலும் மாறிக்கொண்டே போகும், எதிர்ப்புற லீடுகளில் தாழ்வும் தெரியலாம். உங்கள் அமைப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். இதயத் தசை சேதமானால் உயரும் டிரோபோனினை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். அவசரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க, இப்போதைய தாளைத் தேதியுடன் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்திருங்கள். அந்தத் தாள் சூடு பட்டால் கறுத்துவிடும், நாளாக ஆக எழுத்தும் மங்கிப்போகும்.