செட்டிநாட்டில் மதத்தை விடுகிறவர்கள் நூலைப் படித்தா விடுகிறார்கள்?

"சாமி கும்பிட்டு வளர்ந்த பிள்ளைகள், திருமுறையில் குறை கண்டுதான் விலகுகிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்தவரை, அப்படி விலகியவர்கள் குறைவு.

செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார் வழக்கத்தில் நூலை விடக் கோயில் கணக்குதான் பெரிது. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று 9 நகரக் கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தது. கல்யாணமானதும் கணவன் மனைவி சேர்ந்து அந்தக் கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம். வரி கட்ட வேண்டும். எதை நம்புகிறாய் என்று யாரும் விசாரிப்பதில்லை. எங்கே பெண் எடுத்தாய் என்பதுதான் கேள்வி. ஆகவே விலகலும் அந்த வழியாகத்தான் வருகிறது. சமூகத்துக்கு வெளியில் கல்யாணம் செய்தவருக்கு மரபுப்படி கோயில் மாலை, அதாவது கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து வரும் மாலை, கிடையாது. மனசு விட்டுப்போக அது ஒன்றே போதும். மற்றவர்கள் சென்னை, சிங்கப்பூர் என்று போய், சண்டையே இல்லாமல் மெல்ல மறந்துவிடுகிறார்கள்.

சரி, நூல்? ஆச்சிமார் (நகரத்தார் வீட்டுப் பெண்கள்) பலர் திருவாசகத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். பொருள் கேட்டால் பல வரிகளுக்குச் சிரிப்புதான் பதில். அதற்காக அதைக் குறைந்த பக்தி என்று நான் சொல்லமாட்டேன். வாய்க்குப் பழகிய பாட்டை வாதம் அவ்வளவு எளிதில் அசைக்காது.

படித்து மாறியவர்களும் உண்டு, சிலர் எதிர்த்திசையில். சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் திராவிட இயக்கத்தில் நாத்திகராக இருந்தவர்; கம்பனைக் குறை சொல்லப் படிக்கப்போய், அதில் மயங்கிப் பின்னால் பக்திக்குத் திரும்பினார். காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாக்களுக்கோ, கவிதைக்காக மட்டும் வருகிறவர்களும் உண்டு.