தலைசுற்றல் பயிற்சி: முதல் வாரத்திலேயே ஏன் நிறுத்திவிடுகிறார்கள்?

கேள்வி: நான் பிசியோதெரபிஸ்ட். தலைசுற்றல் உள்ள முதியவர்கள் வீட்டிலேயே செய்ய, பயிற்சி வீடியோக்களை இணையத்தில் போட்டேன். பலர் ஒரே வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எதை மாற்றலாம்?

பதில்: தலையை ஆட்டத் தொடங்கியதும் சுற்றல் கூடும். அதை முன்பே சொல்லாவிட்டால், "எனக்கு ஒத்துக்கலை" என்று விட்டுவிடுவார்கள். உள்காது பழுதானால், தலை அசைவைப் பற்றி அது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாது; அந்த முரணைத் திரும்பத் திரும்பச் சந்தித்தால்தான் மூளை பழகும். லேசான சுற்றல்தான் மருந்து. முதல் வீடியோவில் இதை மட்டும் சொல்லுங்கள்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு 50 வயதைக் கடந்தவர்களுக்கு உருவாக்கிய 6 வார இணையத் திட்டம் நல்ல முன்மாதிரி. பயிற்சியின்போது எவ்வளவு சுற்றியது என்று அவரவரே மதிப்பெண் போட, அதற்கேற்ப அடுத்த பயிற்சி அமையும். எல்லோருக்கும் ஒரே வீடியோ என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அசைவுகள் ஆறு போதும்: இடவலமாகத் திருப்புவது, மேலும் கீழும் ஆட்டுவது, இவ்விரண்டையும் கண் திறந்து, கண் மூடி, நீட்டிய விரலைப் பார்த்தபடி. ஒவ்வொன்றும் 10 முறை. முடிந்ததும் சுற்றல் அடங்கும்வரை ஓய்வு. காலை, மாலை 10 நிமிடம். மதிப்பெண் 0 (சுற்றலே இல்லை) முதல் 5 (கடும் சுற்றல்) வரை. 0, 1 என்றால் வேகத்தைக் கூட்டலாம், அல்லது உட்கார்ந்து செய்ததை நின்று செய்யலாம். 2, 3 சரியான அளவு. 4, 5 என்றால் மெதுவாக்குங்கள். கைப்பிடியுள்ள நாற்காலி வேண்டும், காலில் சக்கரம் வைத்து உருளும் நாற்காலி கூடாது. நின்று செய்யும்போது பின்னால் சுவர்மூலை, பக்கத்தில் ஆள்.

திரையாலும் பயிற்சி கெடும். கண் மூடிச் செய்பவரால் வீடியோவைப் பார்க்க முடியாது. தாள ஒலி கட்டாயம். திறந்த கண்ணோ போனிலேயே நிலைத்துவிடும், பிறகு எல்லாமே விரல் பார்க்கும் பயிற்சியாகிவிடும். அதனால் பார்க்கும் வீடியோ தனி, செய்யும்போது கேட்கும் ஒலி தனி. ஓடும் எழுத்து, பெரிதாகிச் சிறிதாகும் படங்கள் வேண்டவே வேண்டாம். அவையே தலையைச் சுற்றவைக்கும்.

பக்கத்தைத் திறந்ததும் வடிகட்டும் கேள்விகள் வரட்டும். படுக்கையில் புரளும்போது மட்டும் சில நொடி சுற்றினால் உள்காதில் இருக்கும் நுண்துகள்கள் இடம் நகர்ந்திருக்கலாம். அதற்குத் தேவை எப்லி முறை, அதாவது தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது. எழுந்ததும் கிறுகிறுத்தால், படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். வாய் குழறல், ஒரு பக்கம் பலவீனம், திடீர்க் காது கேளாமை, மயங்கி விழுதல், நெஞ்சுவலி இருந்தால் பயிற்சிப் பக்கமே திறக்கக் கூடாது. உடனே மருத்துவமனை என்று காட்டுங்கள். மாதக்கணக்கில் சின்னாரிசைன், புரோகுளோர்பெரசின் போன்ற, தலைசுற்றலை அடக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களிடம் மூளை பழகுவது தாமதமாகும். தானாக நிறுத்தாமல், மருந்து எழுதியவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.