மத்தியஸ்தம்: கேள்விகளும் என் பதில்களும்

மத்தியஸ்தராக வேலை செய்கிறேன் என்று சொன்னதும் வந்து குவிந்த கேள்விகளில் சில.

கேள்வி: சார், யார் பக்கம் நியாயம் என்று கடைசியில் நீங்கள் சொல்வீர்களா?

மாட்டேன். சொன்னால் நான் தீர்ப்புச் சொல்லும் நடுவராகிவிடுவேன். முடிவு இரு தரப்பின் கையில்தான் இருக்கும். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம்.

கேள்வி: எங்கள் சங்கம் அரசியலால் இரண்டாகிக் கிடக்கிறது. கருத்தே ஒத்துவராதவர்களை எப்படி ஒத்துப்போக வைப்பது?

கருத்தில் ஒத்துப்போக வைக்கவே வேண்டாம். வட அயர்லாந்தைப் பாருங்கள். ஒரு தரப்புக்கு பிரிட்டனோடு இருக்க வேண்டும், இன்னொரு தரப்புக்கு அயர்லாந்தோடு சேர வேண்டும். அமெரிக்க முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் தலைமையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு பேசி, 1998 ஏப்ரல் 10 அன்று உடன்பாடு வந்தது. அன்றைக்கு யாரும் கொள்கையைக் கைவிடவில்லை. எந்த நாட்டோடு இருப்பது என்பதைப் பெரும்பான்மை மக்களின் சம்மதம் முடிவு செய்யட்டும், அதுவரை ஆட்சியைப் பகிர்ந்துகொள்வோம் என்பதில்தான் ஒத்துப்போனார்கள். நீங்களும் யார் சரி என்பதை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த கூட்டத்தை எப்படி நடத்துவது என்று தொடங்குங்கள்.

கேள்வி: அந்த ஆளின் முகத்தைப் பார்த்தாலே எனக்குக் கொதிக்கிறது. ஒரே அறையில் உட்கார வேண்டுமா?

கட்டாயமில்லை. 1978இல் அமெரிக்க அதிபரின் ஓய்விடமான கேம்ப் டேவிட்டில் எகிப்து அதிபர் சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் முதல் சில நாள் நேருக்கு நேர் பேசினார்கள். பேச்சு சண்டையாகவே போனது. அப்புறம் மத்தியஸ்தம் செய்த அமெரிக்க அதிபர் கார்ட்டர் இருவரையும் தனித்தனியே வைத்து, ஒரே வரைவை இங்கும் அங்கும் கொண்டுபோய்த் திருத்திக்கொண்டே இருந்தார். மொத்தம் 13 நாள். எகிப்திடமிருந்து இஸ்ரேல் போரில் பிடித்திருந்த சினாய் நிலம் யாருக்கு என்று கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் பேச்சு நகரவில்லை. ஏன் வேண்டும் என்று கேட்டபோது வழி தெரிந்தது: எகிப்துக்கு இழந்த மண் திரும்ப வேண்டும், இஸ்ரேலுக்கு எல்லையில் பீரங்கி நிற்கக் கூடாது. நிலம் எகிப்துக்கு, ஆனால் எல்லையை ஒட்டிப் பெரும்படை கூடாது என்று முடிந்தது. (கடைசி நாளில் பெகின் முறுக்கிக்கொண்டபோது, அவருடைய பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்ட படங்களைக் கார்ட்டர் கொண்டுபோய்க் கொடுத்தார். அது எந்தப் பாடப் பயிற்சியிலும் வராத வேலை.)

கேள்வி: உங்களுக்கும் ஒரு கட்சி, ஒரு கருத்து இருக்குமே. நடுநிலை எப்படி?

இருக்கிறதுதான். வாயை மூடிக்கொள்ளப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான். ஒருவருக்குக் கொடுத்த நேரத்தை மற்றவருக்கும் கொடுப்பேன். சாய்கிறேன் என்று யாருக்காவது தோன்றினால் விலகிவிடுவேன்.

கேள்வி: எல்லாத் தகராறுக்கும் இது பொருந்துமா என்று என் தோழியும் கேட்கச் சொன்னாள்.

எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பயப்படும் இடத்தில் சமரசம் பேசவே கூடாது. அடி வாங்கியவர் பயத்தில் தலையாட்டுவார், அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வோம். அங்கே பாதுகாப்பும் சட்டமும்தான் முதலில்.

கேள்வி: அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் பிறந்த நானே மத்தியஸ்தம் செய்யலாமா?

வேண்டாம். நீங்கள் என்ன சொன்னாலும் பழைய கணக்கில் எழுதிக்கொள்வார்கள். எங்கள் வீட்டுத் தகராறுக்கு நானே வெளியாளைத்தான் கூப்பிட்டேன்.