1,23,45,678 எப்படிப்பட்ட எண்?

கேள்வி: 1,23,45,678-இன் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 9 வருகிறது. எண்ணும் 9-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. அப்படியென்றால் இது ஹர்ஷத் எண்தானே? காரணிகளையும் கையாலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: ஹர்ஷத் எண் இல்லை. தன் இலக்கக் கூடுதலால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு இந்தியக் கணிதவியலர் காப்ரேகர் இட்ட பெயர் அது; இதில் இலக்கங்களை ஒரே ஒரு முறைதான் கூட்ட வேண்டும். 1 முதல் 8 வரை கூட்டினால் 36. அதை மறுபடி 3+6 என்று சுருக்கியதுதான் பிசகு. 36-ஆல் வகுபட வேண்டுமானால் 4-ஆலும் வகுபட வேண்டும். கடைசி இரண்டு இலக்கம் 78, அது 4-ஆல் வகுபடாது.

காரணிகளைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம்; அதற்கு முதலில் பகாக் காரணிகள் தேவை. 2-ஆல் வகுத்தால் 61,72,839. அதை 9-ஆல் வகுத்தால் 6,85,871. இதன் இலக்கக் கூடுதல் 35, ஆக 3 தீர்ந்தது. இனி 5, 7, 11 என்று பகா எண்களாக வகுத்துப் பாருங்கள். 43 வரை எதுவும் ஒத்துவராது, பலர் இங்கேதான் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். அடுத்த 47-இல் மீதி 0, ஈவு 14,593.

ஓர் எண்ணின் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இப்போது அந்த எல்லையை மாற்றுங்கள். 6,85,871-இன் வர்க்கமூலம் 828-ஐ ஒட்டி வரும் என்று அதுவரை தேடத் தேவையில்லை. 14,593-இன் வர்க்கமூலம் 121-ஐத் தொடவில்லை. 47-இலிருந்து 113 வரை 16 பகா எண்கள் மட்டுமே மிச்சம் (47-ஐயும் மறுபடி பார்க்க வேண்டும், அது இரண்டு முறை வரலாம்). ஒன்றும் வகுக்கவில்லை, 14,593 பகா எண்.

1,23,45,678 = 2 × 3² × 47 × 14,593

அடுக்கு ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 2×3×2×2 = 24 காரணிகள். அவற்றின் கூடுதல் (1+2)(1+3+9)(1+47)(1+14,593) = 2,73,19,968. நடுவில் உள்ள 3-ஐ விட்டு (1+9) என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. எண்ணைக் கழித்தால் 1,49,74,290. தன்னைத் தவிர்த்த காரணிகளின் இந்தக் கூடுதல் எண்ணைவிடப் பெரிது, ஆகவே இது மிகை எண்.

அதைச் சொல்ல மட்டும் இவ்வளவு பாடு வேண்டாம். 6-ஐவிடப் பெரிய, 6-ஆல் வகுபடும் எந்த எண்ணும் மிகை எண்தான்: அதன் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று மூன்றும் சேர்ந்தாலே அந்த எண் வந்துவிடும், அதற்கு மேல் 1 என்ற காரணியும் இருக்கிறது.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக இதை எழுத முடியாது. அப்படி எழுத, 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகாக் காரணி ஒவ்வொன்றும் இரட்டைப்படை அடுக்கில் வர வேண்டும்; அத்தகைய 47 இங்கே ஒற்றைப்படை அடுக்கில் நிற்கிறது. வர்க்கங்களின் வித்தியாசமாகவும் எழுத முடியாது, ஏனெனில் இந்த எண்ணையே 4-ஆல் வகுத்தால் மீதி 2; வர்க்கங்களின் வித்தியாசத்துக்கு அந்த மீதி வராது.

கணினி விரிதாளில் சரிபார்ப்பதாக இருந்தால், 15 இலக்கத்துக்கு மேல் போகும் எண்ணின் வால் இலக்கங்கள் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். இந்த எண்ணுக்கு அந்தச் சிக்கல் வராது.